எண்ணாது விளைந்தவையா?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 26ஆம் திகதி வந்ததும் நம் பாடசாலைகளிற் சுலோக அட்டைகள் எழுகின்றன. போதைப்பொருளை ஒழிப்போம் என்று மாணாக்கர் ஊர்வலம் போகின்றனர். கட்டுரைப் போட்டி நடக்கின்றது. பரிசு வழங்க வரும் அதிகாரி, கடந்த ஆண்டு கைதானோர் தொகை அதற்கு முந்திய ஆண்டினும் அதிகம் என்று பெருமிதத்தோடு அறிவிக்கின்றார். கைதானோர் தொகை ஆண்டுக்காண்டு உயர்கின்றதென்றால் ஒழிப்பு எங்கே நடக்கின்றது என்று எழுதும் மாணவனுக்குப் பரிசு கிடைப்பதில்லை. அவன் கேள்வியை இங்கு நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஹெரோயினும், ‘ஐஸ்’ என்று வழங்கும் பொருளும் தீங்கற்றவை என்று வாதாட நாம் வரவில்லை. வடபுலத்துக் கரையோரக் கிராமங்களிலும், கொழும்பின் தோட்டவீட்டு வரிசைகளிலும், மலையகத்துச் சிறு நகரங்களிலும் ஆசிரியத் தொழில் புரிவோருக்கு அப்பொருள்கள் செய்யும் அழிவைப் புத்தகம் கொண்டு போதிக்க வேண்டியதில்லை. நம் வழக்கு, அவற்றை ஒழிப்பதாகச் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகை ஆண்டுவரும் சட்டத்தைப் பற்றியது. அச்சட்டத்தை அதன் முகவுரை கூறும் நோக்கத்தைக் கொண்டு அளப்பதா, அது யாருடைய தலையில் விழுகின்றது என்பதைக் கொண்டு அளப்பதா என்பதே வினா.

1998ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை போதைப்பொருள் பற்றி ஒரு விசேட கூட்டத்தொடரை நடத்தியது. கொக்கா, கஞ்சா, அபின் தரும் கசகசா ஆகியவற்றின் சட்டவிரோதப் பயிர்ச்செய்கையை 2008ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது, அல்லது பெருமளவு குறைப்பது என்று அங்கே முடிவு செய்தனர். 2008 வந்தது. பயிர் ஒழியவில்லை. அவ்வாண்டில், போதைப்பொருளுக்கும் குற்றத்துக்கும் பொறுப்பான ஐ. நா. அலுவலகத்தின் தலைவராயிருந்த அந்தோனியோ மரியா கொஸ்தா இக்கட்டுப்பாட்டு முறையின் ‘எண்ணாத விளைவுகள்’ ஐந்தினைத் தாமே எடுத்துரைத்தார். மிகப் பெரும் கள்ளச் சந்தை ஒன்று தோன்றிவிட்டது. சுகாதாரத்துக்குப் போக வேண்டிய பணம் பொலிசுக்குப் போகின்றது. ஓரிடத்தில் நசுக்கிய உற்பத்தி வேறிடத்தில் முளைக்கின்றது. ஒரு பொருளை அடக்கினால் மற்றொன்று அதனிடத்தைப் பிடிக்கின்றது. போதைக்கு அடிமையானோர் சமூகத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டுச் சிகிச்சைக்கு எட்டாதவராகின்றனர். இவற்றைச் சொன்னவர் சட்டத்தின் எதிரியல்லர்; அதன் காவலர். சட்டம் தொடர வேண்டும் என்பதே அவர் கருத்தாயிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அறியாமற் செய்த காரியத்தின் பயனை எண்ணாத விளைவு எனலாம். அறிந்து, அச்சிட்டு, உலக அரசுகளுக்கெல்லாம் அனுப்பிய பின்னரும் அதே காரியத்தைத் தொடர்ந்து செய்தால், அதன் பயனுக்கு அப்பெயர் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கட்சி.

இச்சட்டத்தின் பிறப்பை அறியாமல் அதன் போக்கை விளங்கிக்கொள்ளல் அரிது. 1773இல் வங்காளத்து அபின் வாணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. கங்கைச் சமவெளி உழவன் முற்பணம் வாங்கிக் கட்டாயத்தின் பேரிற் பயிரிட்ட கசகசாவின் பால், பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருண்டைகளாகி, கல்கத்தாவில் ஏலம் போய்ச் சீனக் கரையை அடைந்தது. 1839ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லின் ஸெசூ என்ற சீன அதிகாரி இருபதினாயிரம் பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினைப் பறித்து அழித்தார். அதற்குப் பிரித்தானியா பீரங்கிக் கப்பல்களாற் பதில் சொன்னது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையின் மூலம் ஹொங்கொங் பறிபோனது. நட்ட ஈடும் சீனாவின் மேல் சுமத்தப்பட்டது. இரண்டாம் யுத்தத்தின் இடையே, 1858இல், அபின் இறக்குமதி சட்டபூர்வமாயிற்று.

இவ்வாறு போதையை விற்பதற்காக யுத்தம் செய்தவரும் அவருடைய தோழரும் பின்னர் போதைக் கட்டுப்பாட்டின் சட்டகர்த்தர்களாயினர். 1909இல் ஷங்ஹாய் நகரில் பதின்மூன்று நாடுகள் கூடின. 1912இல் ஹேக் நகரில் முதலாவது சமவாயம் கைச்சாத்தாயிற்று. அதே வேளை மலாயாவிற் பிரித்தானியரும், இந்தோசீனாவிற் பிரெஞ்சுக்காரரும், ஜாவாவில் ஒல்லாந்தரும் தத்தம் குடியேற்ற நாடுகளில் அபினை அரசாங்கமே விற்கும் முறையை இரண்டாம் உலக மகாயுத்தம் வரையில் நடத்திவந்தனர். ஈயச் சுரங்கத்துச் சீனக் கூலி நாள் முழுதும் உழைத்துப் பெற்ற காசை மாலையில் அரசாங்க அபினுக்குக் கொடுத்தான். நீரிணைக் குடியேற்றங்களின் அரசிறையில் ஏறத்தாழப் பாதி ஒரு காலத்தில் அவ்வாறே திரண்டது.

ஆண்டவருடைய மேசையில் இருந்த போதை இச்சமவாயங்கள் எதிலும் இடம்பெறவில்லை. புகையிலை ஆண்டொன்றுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்கின்றது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகின்றது. மதுவினால் 2019இல் மாண்டோர் ஏறத்தாழ 26 இலட்சம். இவை வரி செலுத்தும் பண்டங்கள். சாராயக் குத்தகையாற் பொக்கிஷத்தை நிரப்பிய பிரித்தானிய ஆட்சியை எதிர்த்து 1904இலும் 1912இலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தை நம் சரித்திர பாடம் மறக்கவில்லை. மதுவரித் திணைக்களமோ இன்றும் வருமான இலக்கு வைத்தே இயங்குகின்றது. (தமிழ் கற்றோர் ஒன்றை நினைவுகூரலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குப் பொருட்பாலில் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். உண்பான் இழக்கும் மதிப்பையும் அவனைப் பெற்றவள் படும் துயரையும் கடுமையாகவே காட்டினார். ஆயினும், உண்டவனை அரசன் ஒறுக்க வேண்டும் என்று அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.)

இன்று நடைமுறையில் உள்ள அமைப்பின் அத்திவாரம் 1961ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி நியூயோர்க்கிற் கைச்சாத்தான தனிச் சமவாயமாகும். அது இரண்டு வாக்குறுதிகளைத் தந்தது. நோவைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதன, ஆதலின் அவை நோயாளருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. போதைக்கு அடிமையாதல் ஒரு தீமை, ஆதலின் மருத்துவமும் விஞ்ஞானமும் தவிர்ந்த வேறெதற்கும் அவற்றைப் பயன்படுத்தலாகாது என்பது மற்றொன்று. இரண்டாம் வாக்குறுதிக்குப் பொலிசும் இராணுவமும் நீதிமன்றும் தூக்குமரமும் கிடைத்தன. முதலாவதற்கு முகவுரையில் ஒரு வசனம் மட்டுமே கிடைத்தது. அதன் பயனைப் பின்னர் விரிவாக நோக்குவோம்.

அச்சமவாயத்தின் 49ஆம் உறுப்புரை, கொக்கா இலை மெல்லும் வழக்கம் இருபத்தைந்து ஆண்டுகளுள் ஒழிய வேண்டும் என விதித்தது. அந்தெஸ் மலைத்தொடரின் குளிரிலும் மூச்சுத் திணறும் உயரத்திலும் வேலை செய்யும் கெச்சுவா, அயிமாரா மக்கள், ஐரோப்பியர் அங்கே கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அவ்விலையை மென்று வருபவர்கள். நம்மவருக்கு வெற்றிலை எப்படியோ அவருக்கு அது அப்படி. களைப்புக்கும் பசிக்கும் மட்டுமன்றி, சடங்குக்கும் விருந்துக்கும் உரியது. இலையிலிருந்து கொக்கேயினைப் பிரித்தெடுத்து விற்றது ஜெர்மானிய இரசாயனத் தொழிற்றுறை. தண்டனை இலைக்கு வந்தது. ஆயினும் அதே சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை, போதைக் கூறு நீக்கிய சுவைப்பொருள் தயாரிப்பதற்குக் கொக்கா இலையைப் பயன்படுத்தலாம் என அனுமதிக்கின்றது. எந்த நாட்டு எந்தப் பானத்தின் பொருட்டு இச்சிறு வாயில் திறக்கப்பட்டது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வர்.

2009இல், கொக்கா விவசாயிகளின் சங்கத் தலைவராயிருந்து பொலிவியாவின் ஜனாதிபதியான ஏவோ மொராலெஸ், வியன்னா மாநாட்டு மண்டபத்தில் ஓர் இலையை வாயிலிட்டு மென்று காட்டினார். தம் மக்களுக்காக அவ்வுறுப்புரையைத் திருத்தும்படி அவர் அரசு கேட்டது. ஐக்கிய அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் மறுத்தன. பொலிவியா சமவாயத்தை விட்டு வெளியேறியது. பின், இலை மெல்லும் உரிமையைத் தனக்கென ஒதுக்கீடு செய்துகொண்டு 2013இல் மீண்டும் இணைந்தது. பதினைந்து நாடுகள் ஆட்சேபித்தன. தடுப்பதற்கு வேண்டிய மூன்றிலொரு பங்கு சேரவில்லை. ஒரு வறிய நாடு உறுதியாய் நின்றால் இச்சட்டம் சற்று வளையும் என்பதற்கு இது சான்று.

வயல் வரம்பில் எலிவளையை அடைத்த உழவனுக்கு, அடுத்த நாள் நாலு முழத்துக்கு அப்பால் வேறொரு வளை தெரியும். போதைக் கட்டுப்பாட்டின் அரை நூற்றாண்டுச் சரித்திரம் இதுவே. அமெரிக்க நெருக்குதலால் துருக்கி 1970களின் தொடக்கத்திற் கசகசாவைத் தடைசெய்தது; மெக்சிக்கோவின் ஹெரோயின் அவ்விடத்தை நிரப்பிற்று. 1990களிற் பெருவிலும் பொலிவியாவிலும் கொக்கா ஒடுக்கப்பட்டது. பயிர் கொலம்பியாவுக்குப் பெயர்ந்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் ‘பிளான் கொலம்பியா’ என்ற பெயரில் அமெரிக்க டொலர் கோடிக்கணக்கிற் பாய்ந்தது. ஆகாய விமானங்கள் கொக்காச் செடிமேல் நஞ்சு தூவின; அது பக்கத்து வாழையிலும் மரவள்ளியிலும் கிணற்றிலும் வீழ்ந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அந்த நஞ்சு வகைப்படுத்தப்பட்ட பின்னர், 2015இலேயே அத்தூவல் நின்றது. 2000இல் ஏறத்தாழ 1,63,000 ஹெக்டேயராயிருந்த கொலம்பியக் கொக்கா நிலம் 2023இல் 2,53,000 ஹெக்டேயர் என்கிறது ஐ. நா. கணிப்பு.

ஆப்கானிஸ்தானின் கதை இன்னும் கொடியது. அங்கே அபினை ஒழிக்க அமெரிக்கா இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 900 கோடி டொலரைச் செலவிட்டது. 2017இல் கசகசா நிலம் முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு, 3,28,000 ஹெக்டேயருக்கு, உயர்ந்தது. 2022 ஏப்ரலில் தலிபான்கள் தடை விதித்தனர். அடுத்த ஆண்டில் 10,800 ஹெக்டேயரே எஞ்சியது. வெற்றி என்பீர்களா? அபினால் உழவர் பெற்ற வருமானம் ஒரே ஆண்டில் 136 கோடி டொலரிலிருந்து 11 கோடியாக வீழ்ந்தது. அப்பள்ளத்தை நிரப்ப எவரும் முன்வரவில்லை. அதே 2023இல், உள்நாட்டு யுத்தத்தில் வெந்துகொண்டிருக்கும் மியன்மார் உலகின் மிகப் பெரிய அபின் உற்பத்தி நாடாயிற்று.

இவ்வாறு நேர்வதன் காரணம் மருமமானதன்று. பொருளாதாரம் படித்த உயர்தர வகுப்பு மாணவனும் அறிவான். தடை பொருளின் விலையில் ஆபத்துக்கான கூலியை ஏற்றுகின்றது. பிடிபடுபவன் கடைசிக் கண்ணியான சுமைகாவி. இலாபம் பெறுபவன் பிடிபடாதவன். தடை கடுமையாகுந்தோறும் பருமன் குறைந்து வீரியம் மிகுந்த சரக்கே கடத்தற்காரனுக்கு வசதியாகின்றது. மூட்டைக் கஞ்சாவினும் பொட்டலத் தூள் மறைக்க எளிது. அதனினும் எளிது இரசாயனச்சாலையிற் பிறக்கும் சரக்கு. அமெரிக்காவில் முதலில் மாத்திரை, அதனை இறுக்கியபோது ஹெரோயின், அதன்பின் அதனினும் பன்மடங்கு வீரியமுள்ள பென்ரனில் என்று படிமுறையாக நடந்தேறியது அதுவே. 2022இல் அளவுமீறிய போதையால் அங்கே இறந்தோர் ஓரிலட்சத்துக்கு மேல்.

இவ்விடத்தில் நம் முற்போக்கு நண்பர் சிலர் குறுக்கிடுவர். அபின் ஏகாதிபத்தியத்தின் ஆயுதம். மக்கள் சீனம் அதனை இரும்புக் கரத்தால் மூன்றே ஆண்டுகளில் ஒழித்ததே. நாமும் அவ்வாறு செய்தாலென்ன என்பது அவர் வாதம். இவ்வாதத்தை மதித்தே பதில் சொல்ல வேண்டும். 1950க்கும் 1952க்கும் இடையிற் சீனத்தில் நடந்தது பொலிஸ் நடவடிக்கை மட்டுமன்று. தூக்குத் தண்டனைகள் இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆனால் அவற்றோடு கூடவே நிலச் சீர்திருத்தம் நடந்தது. கசகசா விளைந்த வயல் உழவனுக்கு உரித்தாகி உணவுப் பயிருக்கு மாறியது. அடிமையானோருக்கு ஊர்தோறும் சிகிச்சையும் வேலையும் ஏற்பாடாயின. நிலத்தைத் தொடாது கையை மட்டும் கடன் வாங்க விரும்புவோர் சீனத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லுதல் தகாது. அப்போதுங்கூட வாணிகம் மாயவில்லை. தோற்றோடிய கோமின்டாங் படையின் எச்சங்கள் பர்மாவின் ஷான் மலைகளிற் குடிகொண்டு அபினைப் பெருக்கின. மியன்மாரின் இன்றைய விளைச்சலுக்கு வேர் அங்கேயும் உண்டு.

இனி, அந்த முதலாவது வாக்குறுதிக்கு வருவோம். போதைச் சட்டத்தாற் சிறை சென்றவனைப் பற்றிப் பேசினால், அவன் செய்த வினை என்று சிலர் முகந்திருப்பக்கூடும். எக்குற்றமும் செய்யாது, போதையை வாழ்நாளிற் கண்டிராது, புற்றுநோயோடு பாயிற் கிடக்கும் கிழவியைப் பற்றி என்ன சொல்வர்?

அபினின் சாரமான மோர்பின் கடுநோவுக்கு இன்றும் முதன்மையான மருந்து. காப்புரிமை எவருக்கும் இல்லை, விலை மலிவு. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. எலும்பிற் பரவிய புற்றுநோயின் நோவு, வேறெம்மாத்திரைக்கும் அடங்காதது, முறைப்படி கொடுக்கும் மோர்பினுக்கு அடங்குகின்றது, நோயாளி உறங்குகின்றாள், பேரப்பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசுகின்றாள். மரணத்தைத் தடுக்க முடியாத இடத்தில் வைத்தியம் செய்யக்கூடிய பெருங்காரியம் இது. உலகெங்கும் ஓராண்டில் விநியோகமாகும் இத்தகைய நோவுநீக்கிகள், மோர்பின் அளவிற் கணக்கிட்டால், 298.5 தொன் என்றும், அதில் மிக வறிய நாடுகளைச் சேர்வது 0.1 தொன் மட்டுமே என்றும் லான்செற் சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு 2017இல் வெளிப்படுத்திற்று. இப்பற்றாக்குறையை நீக்க ஆண்டுக்கு வேண்டியது 14.5 கோடி டொலர் என்றும் அது கணித்தது. ஆப்கானிஸ்தானிற் செலவிட்ட தொகையை இதனால் வகுத்துப் பார்க்கட்டும்; அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்து ஏழைகளின் நோவைத் தணித்திருக்கலாம்.

இது பணமின்மையால் மட்டும் நேர்ந்ததென்று எண்ணுவோர் இந்தியாவைப் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்து நீமுச், மந்த்சௌர் வயல்களிலும் ராஜஸ்தானத்துச் சித்தோர்கரிலும் அரசாங்க உத்தரவோடு கசகசா விளைகின்றது. கம்பனி காலத்துக் காஜிப்பூர்த் தொழிற்சாலை இன்றும் இயங்குகின்றது. அந்நாடு நூற்றுக்கணக்கான தொன் அபினை மேல்நாட்டு மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதி செய்துவந்தது. 1985இல், சர்வதேசச் சமவாயங்களுக்கு இணங்க, கடுமையான போதைப்பொருட் சட்டம் ஒன்று அங்கே நிறைவேறியது. பத்தாண்டுக் கட்டாயச் சிறை அதில் இருந்தது. மோர்பின் வைத்திருக்க வைத்தியசாலை ஒன்று பல திணைக்களங்களிடம் உத்தரவு பெற வேண்டும். ஐந்தாவது உத்தரவு கைக்கு வருமுன் முதலாவது காலாவதியாகிவிடும். கணக்கில் ஒரு குப்பி குறைந்தால் மருந்தாளர் கம்பி எண்ண நேரும். வைத்தியசாலைகள் மோர்பினைக் கைவிட்டன. 1997ஆம் ஆண்டில், ஏறத்தாழ நூறு கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், மருத்துவத்துக்குப் பயன்பட்ட மோர்பின் 18 கிலோ கிராம். தன் வயலில் விளைந்த மருந்து கப்பலேறி அந்நியன் நோவைத் தணிக்க, விளைவித்த ஊரில் நோயாளி கதறிக்கொண்டு செத்தான்.

இந்நிலையை மாற்றியவர்கள் சட்டசபைகளிலிருந்து வரவில்லை. 1993இற் கோழிக்கோட்டில் வைத்தியர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் நோவு தணிக்கும் வைத்தியத்துக்கென ஒரு சங்கம் கண்டனர். ஊர்தோறும் தொண்டர்கள் சேர்ந்தனர். கேரளம் தன் விதிகளை எளிதாக்கிற்று. இடையறாத போராட்டத்தின் பின் 2014இல் இந்தியப் பாராளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. உகண்டா இன்னும் துணிந்தது. வைத்தியர் அரிதான அந்நாட்டில், விசேட பயிற்சி பெற்ற தாதியர் மோர்பினை விதித்துக் கொடுக்கலாம் என்று 2004இல் விதி செய்தனர். அங்கே வழங்கப்படுவது மோர்பின் தூளை நீரிற் கரைத்துப் போத்தலில் அடைத்த கரைசல். அதனை வீட்டிலே கொடுக்கின்றனர்.

மோர்பினை அவிழ்த்துவிட்டால் அமெரிக்காவின் கதி நமக்கும் வராதா என்று கேட்பர். அமெரிக்காவில் வெள்ளத்தைத் திறந்துவிட்டது நோயாளியின் பாய் அன்று, இலாபம். 1996இல் ஒக்சிகொன்ரின் என்ற மாத்திரையைச் சந்தைக்கு விட்ட பேடியூ நிறுவனம், அதற்கு அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி வைத்தியரிடம் விற்பனை செய்தது. 2007இலும் 2020இலும் நீதிமன்றிற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டப்பணம் கட்டியது. இரண்டு கிராம் தூளோடு பிடிபட்டவனுக்கும் அந்நிறுவனத்தின் உரிமையாளருக்கும் சட்டம் எவ்வாறு வேறுபட்டு நடக்கின்றது என்பதை எடுத்துச் சொல்ல நமக்கு வர்க்கப் பகுப்பாய்வு நூலெதுவும் வேண்டுவதில்லை. ஒரு புறம் மருந்து விற்பனைப் பண்டமாகி மிகுகின்றது. மறுபுறம் குற்றப் பண்டமாகி மறைகின்றது. கேரளமும் உகண்டாவும் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட வழியைக் காட்டின.

இரண்டு கிராம் என்று நாம் சொன்னது உவமையன்று. இலங்கையின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டில், குடியேற்ற ஆட்சியிற் பிறந்தது. 1984ஆம் ஆண்டின் திருத்தம் அதனுள் மரண தண்டனையைப் புகுத்தியது. ஹெரோயினுக்கு எல்லை இரண்டு கிராம். 2022இல் ‘ஐஸ்’ பொருளும் சேர்க்கப்பட்டது. 1976க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் 2019 ஜனவரியில் மணிலா சென்ற அன்றைய ஜனாதிபதி, டுடெர்ட்டேயின் போதைப்பொருள் யுத்தத்தை உலகுக்கே முன்மாதிரி என்று புகழ்ந்தார். ஜூன் மாதத்தில் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அம்முன்மாதிரிக்குரியவர் 2025 மார்ச்சிற் கைதாகி ஹேக் நகரத்துச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடு தழுவிய சுற்றிவளைப்புத் தொடங்கியது. யுக்திய என்றால் நீதி. தொலைக்காட்சிக் கமராவுடன் பொலிசாரும் இராணுவத்தினரும் குடிசைகளுட் புகுந்தனர். வாரக் கணக்கிற் பல்லாயிரவர் கைதாகினர். நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐ. நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிற் கோரினர். கைதானவர்கள் யார்? நாட்கூலி, முச்சக்கரவண்டிச் சாரதி, மீன்பிடி உதவியாள், வேலையற்ற இளைஞன். தண்டனை பெற்றுச் சிறை புகுவோருள் மிகப் பெரிய கூட்டம் போதைப்பொருட் குற்றவாளிகளே என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரம் ஆண்டுதோறும் சொல்கின்றது. தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறை புகுவோரும் திரளானோர். விளக்கமறியலில் மாதக்கணக்கிற் கிடந்து திரும்பும் பையனுக்குப் பாடசாலையும் இல்லை, தொழிலும் இல்லை. உள்ளே கிடைத்த புதுத் தொடர்புகள் மட்டும் இருக்கின்றன. புனர்வாழ்வு என்ற பேரால் இராணுவக் கண்காணிப்பில் நடந்துவந்த கந்தக்காட்டு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததும், கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் நாடறிந்தவை. இதனையா சிகிச்சை என்பது?

அப்படியானால் தெருக்கடையில் ஹெரோயின் விற்கச் சொல்கின்றீர்களோ என்று ஏளனம் செய்வோருக்குப் போர்த்துக்கலைச் சுட்டுவோம். 2001 தொடக்கம், பத்து நாட்பயன்பாட்டுக்கு மேற்படாத அளவில் எந்தப் போதைப்பொருளை வைத்திருப்பவனும் அங்கே குற்றவாளியல்லன். சட்டமறிந்தவரும் சுகாதார, சமூக சேவையாளரும் அடங்கிய குழுவின் முன் அவன் நிற்க வேண்டும். விற்பவன் மட்டும் சிறைக்குரியவன். ஊசியாற் பரவிய எயிட்ஸ் நோய் அங்கே பெரிதும் தணிந்தது. பிற்காலத்திற் சிகிச்சைக்கான பணம் வெட்டப்பட்டபோது குறைகள் மீண்டும் தலைகாட்டின என்பதையும் சொல்லவே வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலமோ தண்டனையை நீக்கிவிட்டுச் சிகிச்சை நிலையங்களை உரிய வேளையிற் கட்டத் தவறியது. 2024இற் பழைய சட்டத்துக்கே திரும்பிற்று. தண்டனையை எடுப்பது பாதி வேலை. மற்றப் பாதி வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கின்றது.

ஆகவே, இரண்டு கிராமுக்கு மரணம் என்ற விதியை நீக்குக. தன் பயன்பாட்டுக்கென வைத்திருப்பவனை நீதவானிடமிருந்து வைத்தியரிடம் மாற்றுக. சிகிச்சை நிலையங்களை இராணுவத்திடமிருந்து சுகாதார அமைச்சுக்கு மாற்றுக என்று கேட்கின்றோம். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும், காலம் பிடிக்கும். மோர்பினுக்கு அதுவும் வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுச் சமவாயத்தின்படி ஒவ்வொரு நாடும் தன் நோயாளருக்கு வரும் ஆண்டில் எத்தனை கிலோ கிராம் வேண்டும் என்ற மதிப்பீட்டைத் தானே எழுதி, வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபைக்கு அனுப்புகின்றது. அத்தொகையை வியன்னா எழுதுவதில்லை, கொழும்பு எழுதுகின்றது. இலங்கை அனுப்பிய கடைசி மதிப்பீடு எவ்வளவு, அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது, மன்னாரிலும் மொனராகலையிலும் நுவரெலியாவிலும் உள்ள வைத்தியசாலைகளுக்கு எவ்வளவு போயிற்று, வீட்டிற் கிடக்கும் நோயாளிக்கு அதனைக் கொண்டுபோய்க் கொடுக்க எத்தனை தாதியருக்கு அதிகாரமுண்டு: இந்நான்கு வினாக்களையும் பாராளுமன்றத்தில் எழுப்ப ஓர் உறுப்பினராவது முன்வரட்டும்.